வாடகை வீடும் வீட்டுக்காரர் கண்ணும்

மலர்க் குழுவினர் நம்மிடம் கட்டுரையொன்று வேண்டியபொழுது, பழைய மாணவர் பலரும் எழுதுவதுபோல விடுதி வாழ்க்கையையும் ஆசிரியர் கைப்பிரம்பையும் நினைந்து எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை நம்மினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். நாம் சட்டத்தொழிலில் நாற்பது ஆண்டு கழித்து ஓய்ந்தவர். அத்தொழிலிற் கற்றவை ஒருபுறமிருக்க, ஓய்ந்தபின் நம் சொந்த வளவிலே கற்ற ஒன்று உண்டு. அதனையே ஈண்டு எழுதத் துணிகின்றோம். பயிலும் மாணவர்க்கு இது பயன்படும். இன்னுஞ் சில ஆண்டுகளில் அவருட் பெரும்பாலார் பல்கலைக்கழகத்தின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ பிறர் வீட்டில் அறையெடுத்து இருக்கப் போகின்றவர். பழைய மாணவர்க்கும் பயன்படும். அவருட் பலர் இன்று வீட்டுக்காரர்.

நம் வீடு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு நடந்து செல்லுந் தூரத்தில் உள்ளது. பிள்ளைகள் புறநாடு சென்றபின் அதன் பின்பகுதி வெறிதே கிடந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து கற்க வந்த மாணவியர் நால்வருக்கு அதனை வாடகைக்கு விட்டோம். இரண்டு அறை, ஒரு சிறு குசினி, தனி வாயில். கிணறு மட்டும் பொது. ஒரு மாரிகாலத்து இரவிற் கிணற்றடியிலிருந்த தண்ணீர் மோட்டர் களவு போயிற்று. அடுத்த மாதம் மாணவியொருத்தியின் துவிச்சக்கர வண்டி போயிற்று. இலண்டனில் இருக்கும் மகன் தொலைபேசியில், "கமரா பூட்டுங்கோ அப்பா, நானும் இஞ்சயிருந்து பாத்துக்கொள்ளலாம்" என்றான். பூட்டுவித்தோம். படலைக்கு ஒன்று, விறாந்தைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, ஆக மூன்று. மாணவியரைக் கேட்டோமா? கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவர்தம் நன்மைக்காகவே பூட்டுகின்றோம் என்று எண்ணினோம். களவு போனவற்றுள் ஒன்று அவர்களுடையதன்றோ?

மூன்று கிழமை சென்றது. முன்னெல்லாம் மாலை ஐந்து மணியளவில் நால்வரும் கிணற்றுக் கட்டில் இருந்து பேசிச் சிரித்து உடுப்புத் துவைப்பர். இப்பொழுது ஒருத்தி மட்டும் வாளியோடு வந்து, நீரை நிரப்பிக்கொண்டு தலைகுனிந்து போவாள். உடுப்புக்கள் கொடியினின்றும் நீங்கி அறைக்குள்ளே போயின. குளிப்பது இருட்டியபின் என்றாயிற்று. பரீட்சைக் காலம் போலும் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

இவ்வளவும் நமக்கு எவ்வாறு தெரிந்தன? நம் அறையின் யன்னலிலிருந்து கிணற்றடி தெரியாது. மாலைத் தேநீரோடு கைத்தொலைபேசியைத் திறந்து கமராவைப் பார்க்கும் பழக்கம் நம்மை அறியாமலே வந்துவிட்டிருந்தது. அதனை அப்பொழுது நாம் உணர்ந்திலம்.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஒரு மாணவியின் தாயார் மகளைப் பார்க்க வந்தார். போகுமுன் நம் விறாந்தையில் வந்து நின்று, இருக்கச் சொல்லியும் இராமல், "ஐயா, குறை நினைக்கக் கூடாது. பிள்ளையள் கிணத்தடியிலை நிக்கக் கூச்சப்படுகினம். அந்தக் கமராவை ஆர் பாக்கிறது?" என்று கேட்டார். "ஒருவரும் பாக்கிறேல்லைப் பிள்ளை, களவு கிளவு போனால் மட்டும் எடுத்துப் பாக்கலாம்" என்று நாம் மறுமொழி சொன்னோம். அவர் தலையசைத்துப் போனார். போனபின்னரே நாம் சொன்னது பொய் என்பது நமக்கு உறைத்தது. நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இலண்டனிலிருந்து மகனும் பார்க்கலாம்; அவன் தொலைபேசியை எடுக்கும் எவரும் பார்க்கலாம். பூட்டிய இளைஞனே கடவுச்சொல்லையும் அமைத்துத் தந்தவனாதலின் அவனும் பார்க்கலாம். இருட்டியபின் குளித்தால் தெரியாது என்று அப்பிள்ளைகள் எண்ணியிருந்தனர். இக்காலத்துக் கமராவோ செந்நிறக்கீழ்க் கதிரை வீசி இருளிலும் காண்பது. அதனை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தார் மறைப்பின் அருமை அறியாதவரல்லர். மிகையாக அறிந்தவர் என்று பிறர் நகைப்பதும் உண்டு. கிளுவையையும் பூவரசையும் கதியாலாக நட்டு, பனையோலையாலும் கிடுகாலும் ஆளுயரத்துக்கு மேலாக அடைத்த வேலிகளுக்குள்ளே வளர்ந்தவர் நாம். ஆண்டுதோறும் வேலியடைப்பு ஒரு பெருஞ் செலவு, கடன்பட்டும் அடைப்பர். வேலிக்குள்ளும் கிணற்றடிக்குத் தனி மறைப்பு இருக்கும். பனையேறுவோர் மரத்தில் ஏறுமுன் குரல் கொடுப்பதைச் சிறுவயதிற் பலமுறை கேட்டிருக்கின்றோம். மர உச்சியிலிருந்து அயல் வளவெல்லாம் தெரியுமாதலின், முற்றத்தில் நிற்போர் ஒதுங்கிக்கொள்ள இடங்கொடுக்கும் மரியாதை அது. வேலியிலே பொட்டு வைத்துப் பார்ப்பவன் அகப்பட்டால் ஊரார் அவனுக்குச் செய்வது யாதென்பதை எழுத வேண்டியதில்லை. அவ்வேலிகள் இன்று பெரும்பாலும் மதிலாகிவிட்டன. மதிலின்மேல் கமரா ஏறிற்று. அது குரல் கொடாமலே ஏறிற்று.

இனிச் சட்டத்துக்கு வருவோம். வீட்டுக்காரர் வாயில் எப்பொழுதும் நிற்கும் வாக்கியம் ஒன்றுண்டு: "என்ரை வீடு, என்ரை மதில், நான் பூட்டுறன்." இவ்வாக்கியத்திற் பிழை எங்கேயுள்ளது என்பதை நம்மவர்க்கு விளக்குதல் எளிது, ஒற்றி அறியாத யாழ்ப்பாணத்தார் இலர். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுத்தில் வைத்த தேசவழமை முதுசத்தையும் சீதனத்தையும் ஒற்றியையும் விரித்துரைக்கும். ஒற்றியிலே காணியின் உறுதி உரியவர் பெயரிலேயே இருக்கும். ஆட்சி ஒற்றி பிடித்தவரிடம் இருக்கும். விளைவை வட்டிக்கு ஈடாக அவரே எடுப்பர். ஒற்றி மீட்கும்வரை உரியவர் தம் தென்னையில் ஒரு தேங்காய் பறிக்கவும் நினையார். உரிமை ஒருவரிடத்தும் ஆட்சி மற்றொருவரிடத்தும் இருத்தல் கூடும் என்பதை நம் பாட்டன்மார் இவ்வாறு நன்கு அறிந்திருந்தனர். வாடகையும் அத்தகையதே. இலங்கையின் பொதுச்சட்டமாகிய உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின்படி, வீட்டை வாடகைக்கு விடுபவர்க்கு உள்ள தலையாய கடமைகளுள் ஒன்று, வாங்கியவர் அதனை இடையூறின்றி ஆண்டு அனுபவிக்க விடுதல். பழுது பார்க்கவும் வீட்டின் நிலையைப் பார்வையிடவும் அவர் தகுந்த வேளையில், சொல்லிவிட்டு வரலாம். நினைத்தபொழுதெல்லாம் திறப்பைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே போதல் ஆகாது.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அத்துமீறலை வரையறுக்கும்பொழுது, சொத்து யாருடையது என்று பாராமல், அதில் இருப்பவர் யார் என்பதையே பார்க்கின்றது. ஆதலின், அவமதிக்கவோ அச்சுறுத்தவோ தொந்தரவு செய்யவோ எண்ணி நுழைவானாயின், உரியவனும் தன் வீட்டிலே அத்துமீறியவனாதல் கூடும். ஆனால் அச்சட்டம் எழுதியவர் நுழைதல் என்றபோது காலால் நுழைதலையே நினைந்தனர். சுவரில் இருந்தபடியே உள்ளே நுழையுங் கண்ணை அவர் கண்டாரல்லர். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வாடகைத் தொகையையும் வெளியேற்றத்தையும் பற்றிப் பேசிற்றேயன்றி இதனைப் பற்றிப் பேசவில்லை.

ஆயினும் சட்டம் அறவே கைவிட்டது என்று கூறுதல் பிழையாகும். உரோமன் ஒல்லாந்தச் சட்டம் ஒருவனுடைய உடல், நற்பெயர், மானம் என்னும் மூன்றையும் காத்தற்கு ஒரு வழக்கு முறையை வைத்திருக்கின்றது. ‘இன்யூரியா’ என்பது அத்தீங்கின் பெயர். அந்தரங்கத்தில் தலையிடுதல் மானத்தைத் தாக்குதலாக அதில் அடங்கும். அதே சட்டமரபு வழங்கும் தென்னாபிரிக்காவில், பெண்ணொருத்தியின் வீட்டில் ஒட்டுக்கேட்கும் கருவியை ஒளித்துவைத்த தனியார் துப்பறிவோரை 1971இல் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது. இம்முறையில் உள்ள இடர் யாதெனில், மானத்தைப் புண்படுத்தும் எண்ணத்தோடு செய்யப்பட்டது என்பது வழக்கில் முதன்மை பெறும். களவைத் தடுக்கவே பூட்டினோம் என்று வீட்டுக்காரர் கூறுவர். நாமும் அவ்வாறே கூறியிருப்போம். அன்றியும், மாதமொன்றுக்கு அறை வாடகை கொடுக்கவே வில்லங்கப்படும் மாணவி மாவட்ட நீதிமன்றப் படியேறி ஆண்டுக்கணக்காக வழக்காடுவாளா?

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளைக் கூறும் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை தனியாக எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருப்பினும் அவ்வுரிமைகள் அரசின் நிருவாகச் செயலுக்கு எதிராகக் கேட்கப்படுவனவேயன்றி அயல்வீட்டுக் கந்தையருக்கு எதிராகக் கேட்கப்படுவனவல்ல. பின்பு வந்தது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒருவரை இன்னாரென்று அடையாளங் காட்டும் படமும் ஒருவகைத் தரவே. அத்தகைய தரவை எதற்காக எடுக்கின்றோம் என்பது முன்னரே தெளிவாக இருத்தல் வேண்டும், தேவைக்கு மேல் எடுத்தலாகாது, தேவை தீர்ந்தபின் வைத்திருத்தலாகாது என்பன அச்சட்டத்தின் உட்கிடை. அதன் ஏற்பாடுகள் ஒருங்கே நடைமுறைக்கு வந்தில. நாட்கள் தள்ளிப் போடப்பட்டன. அதில் ஒரு விலக்கும் உண்டு: தனியாள் ஒருவர் முற்றிலும் தம் சொந்த, இல்லற, வீட்டுத் தேவைக்காகச் செய்வதற்கு அச்சட்டம் ஏலாது. வீட்டுக்காரர் உடனே இவ்விலக்கின் பின்னே ஒதுங்கப் பார்ப்பர். வாடகை வாங்குவதற்கென்று விட்ட பகுதியை நோக்கும் கமரா முற்றிலும் வீட்டுத் தேவைக்கானது என்று கொள்ளல் நமக்குப் பொருந்தத் தோன்றவில்லை. எவர் வீட்டுத் தேவை? அங்கே குடியிருப்பவர் வேறு வீட்டாரன்றோ?

ஐரோப்பாவில் இத்தகைய விலக்கு வழக்குக்கு வந்துள்ளது. செக் நாட்டில் ஒருவருடைய வீட்டு யன்னல்கள் பலமுறை உடைக்கப்பட்டன. அவர் கமரா பூட்டினார். அது தெருவையும் எதிர்வீட்டு வாயிலையும் சேர்த்துப் பதிந்தது. உடைத்தவர் என்று ஐயப்பட்ட இருவர் அதனாலேயே அடையாளங் காணப்பட்டனர். அவருள் ஒருவர் தம்மைப் பதிந்தது முறையா என்று கேட்க, வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போயிற்று. தன் வளவுக்கு வெளியே பொது இடத்தையும் பதியும் கமரா முற்றிலும் வீட்டுக்குரிய செயலாகாது என்று 2014ஆம் ஆண்டு திசெம்பரில் அந்நீதிமன்றம் தீர்த்தது. அவ்வீட்டுக்காரர் குற்றமற்ற மனிதர். அவர் அச்சம் மெய்யான அச்சம். தம் உயிரையும் உடைமையையும் காக்கும் நியாயமான நோக்கைச் சட்டம் எடைபோட வேண்டும் என்பதையும் நீதிமன்றம் கூறிற்று. ஆயினும் எல்லை எல்லையே. இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டு ஒக்ஸ்போட் நகரத்து நீதிமன்றில் அயலவர் இருவரிடையே வந்த வழக்கில், படத்தினும் ஒலிப்பதிவே மிகுந்த தலையீடு என்று நீதிபதி கண்டார். அழைப்புமணியோடு பொருந்திய சிறு கமராவே நெடுந்தூரத்துப் பேச்சையும் வாங்கிக்கொள்ள வல்லதாயிருந்தது.

எனினும் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது இவற்றினும் பழைய வழக்கு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்திலே கணவனும் மனைவியும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தனர். வீட்டுக்காரர் அயலில் வசித்தார். 1962ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் அவர்கள் தம் படுக்கையறையில், படுக்கைக்கு அண்மையில், ஒலிவாங்கிக் கருவியொன்று ஒளித்து வைக்கப்பட்டிருக்கக் கண்டனர். அதன் கம்பிகள் வீட்டுக்காரர் இல்லத்துக்குச் சென்றன. இருவரும் மன உலைவுற்று வழக்குத் தொடுத்தனர். வீட்டுக்காரர் தரப்பிற் சொல்லப்பட்டவற்றுள் ஒன்று, எவரேனும் உண்மையிற் கேட்டார் என்று வழக்காளிகள் சொல்லவில்லையே என்பது. 1964இல் அம்மாநில உயர்நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கேட்டார் என்று காட்ட வேண்டியதில்லை, அவ்விடத்தில் அக்கருவியை வைத்ததே வழக்குக்குப் போதும் என்று கொண்டு, அந்தரங்கத் தலையீட்டுக்கு வழக்குண்டு என்பதை அம்மாநிலத்தில் முதன்முறையாக நிலைநாட்டிற்று.

இத்தீர்ப்பை நாம் மாணவனாயிருந்தபோது ஒரு பரீட்சைக்காக வாசித்தோம். அதன் பொருள் அப்பொழுது விளங்கவில்லை. கேட்டவர் இல்லையேல் கெட்டது யாது என்று நாமும் எண்ணினோம். நம் கிணற்றடியில் நால்வர் கட்டில் இருந்து பேசுவதை நிறுத்தினரே, அப்பொழுதுதான் விளங்கிற்று. நாம் ஒரு நாளும் பாராதிருந்தாலும் அவர்கள் நிறுத்தியேயிருப்பர். பார்க்கின்றாரா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் இல்லை. பனையேறுபவர் குரல் கொடுத்து ஏறி, தொழில் முடிந்ததும் இறங்கிப் போவார். கமரா இறங்குவதில்லை.

கருவியின் இயல்பையும் வீட்டுக்காரர் சிறிது அறிதல் நன்று. நாம் அறியாமலே பூட்டியவர். வீடுகளுக்குப் பூட்டும் 2.8 மில்லிமீற்றர் வில்லையுள்ள கமரா ஏறத்தாழ 100 பாகை அகலத்தை ஒருங்கே காணும். ஆகவே படலைக்கென்று வைத்தது பக்கத்து யன்னலையும் வாங்கிக்கொள்ளும். பலவற்றில் ஒலிவாங்கியும் உண்டு. பெட்டியின் மேற்புறத்தில் அதனை எழுதியிருப்பர், நாம் வாசிப்பதில்லை. பதிவுப் பெட்டி நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். எத்தனை நாட்பதிவு அதில் நிற்கும் என்பது வட்டின் கொள்ளளவைப் பொறுத்தது. இணையத்தோடு தொடுத்தால் உலகின் எவ்விடத்திலிருந்தும் பார்க்கலாம். கடவுச்சொல்லைத் தொழிற்சாலை தந்தபடியே விட்டால் நாம் அறியாதாரும் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல், இவ்வாறு மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே எண்ணிறந்த கமராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும் புகுந்து, அவற்றைக் கொண்டு பெரிய இணையத்தளங்களை முடக்கிற்று. நம் வீட்டுக் கடவுச்சொல் யாதென்று மகனைக் கேட்டோம். ஒன்றிலிருந்து ஆறு வரையுள்ள எண்கள்!

புறநாட்டிலிருந்து வீடாளும் வழக்கம் நம் நாட்டில் இதனை மேலுஞ் சிக்கலாக்கிற்று. நண்பரொருவரின் மகள் ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் தனி வீடொன்றை எடுத்து இருந்தாள். வீட்டுக்காரர் ரொறன்ரோவில். முற்றத்திலும் பின்வளவிலும் கமரா. ஒரு காலை தொலைபேசி வந்தது: "தங்கச்சி, ரண்டு நாளா முத்தம் கூட்டேல்லைப் போலை கிடக்கு." அவள் கூட்டினாள். மற்றொரு நாள், "நேற்று இரவு வந்த மோட்டச்சைக்கிள் ஆற்றை?" அவளுடைய தம்பியினது. அதனை அவள் சொல்லவேண்டியதாயிற்று. சொல்லவேண்டியிருந்ததே அவளை வருத்திற்று. மூன்றாம் மாதம் வீட்டை விட்டாள். முற்பணத்தில் ஒரு பகுதி திரும்பவில்லை. ரொறன்ரோவில் இருப்பவர் கெட்டவரல்லர் என்பதையும் சொல்லவேண்டும். அவர் பிறந்து வளர்ந்த வீடு அது. அங்கே நடப்பட்ட மாமரத்தைப் பார்க்க ஆசைப்பட்டே அவர் இரவிற் கமராவைத் திறப்பார் என்று நண்பர் சொன்னார். ஆயின் மாமரத்தின்கீழ் வேறொருத்தி வாழ்கின்றாள், வாடகையுங் கொடுக்கின்றாள்.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் நாம் ஒளிக்கவில்லை. களவு மெய். வெறுவீட்டில் யன்னற் கம்பியும் மிஞ்சாது. முதியவர் தனித்திருக்கும் வீடுகளிற் படலைக் கமரா ஒரு துணை. வாடகைக்கு வந்தோருள் வீட்டைப் பாழாக்கிச் சென்றவரும் உளர். நாமே அத்தகையோர் சிலர்க்கு எதிராக வழக்காடியிருக்கின்றோம். ஆகவே கமராவே ஆகாது என்று கூற வரவில்லை. எதனை நோக்குகின்றது, எவர் பார்ப்பார், எத்தனை நாள் இருக்கும், ஒலி உண்டா, குடியிருப்பவர் அறிவாரா என்னும் வினாக்களுக்கு மறுமொழி இருத்தல் வேண்டும் என்பதே நாம் கூறுவது. பொதுப் படலையையும் தெருவாயிலையும் நோக்கினால் பெரும்பாலும் வழக்கில்லை. அறைக் கதவையும் யன்னலையும் கிணற்றடியையும் கொடியையும் நோக்கினால், எந்நோக்கத்தோடு பூட்டினும் அது வாடகைக்கு விட்ட இடத்துள் வீட்டுக்காரர் சென்று நிற்பதற்கு ஒப்பாகும். அறைக்குள்ளும் குளியலறையிலும் பூட்டுபவரைப் பற்றி ஈண்டுப் பேச ஒன்றுமில்லை. அவர் பொலிசுக்கு உரியவர்.

"சொல்லித்தானே விட்டனாங்கள், விருப்பமெண்டால் இருக்கட்டும், இல்லாட்டில் வேறை இடம் பாக்கட்டும்" என்பர் சிலர். இஃது உடன்பாடா? பல்கலைக்கழகம் திறக்கும் மாதத்தில் அயலெல்லாம் அறைதேடி அலையும் பிள்ளையின் உடன்பாட்டுக்கு எவ்வளவு எடையுண்டு என்பதை ஒவ்வொருவரும் தம் அறைதேடிய நாளை நினைந்து தீர்மானிக்கலாம். நாம் கொழும்பில் சட்டம் படித்த காலத்தில் வெள்ளவத்தையில் ஓர் அம்மையார் வீட்டில் இருந்தோம். இரவு ஒன்பது மணிக்குமேல் விளக்கெரிந்தால் கதவைத் தட்டுவார். நாம் போர்வைக்குள் கைவிளக்கை வைத்துப் படித்தோம். அவரை நாம் ஒருநாளும் எதிர்த்துப் பேசவில்லை. வேறு அறை இல்லை. நம்மை முகங்கொண்டு கேட்டவள் அப்பிள்ளைகளுள் ஒருத்தியல்லள், ஒருத்தியின் தாய் என்பதையும் இவ்விடத்திற் குறித்தல் தகும்.

எழுத்து இல்லாமையும் ஒரு குறை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும். மாணவர்க்கு அறை விடுவோர் இதனை நாடுவதில்லை. வாய்ப்பேச்சும் முற்பணமுமே நடக்கும். எழுதும் உறுதிகளிலும் மின்கட்டணத்தையும் ஆணியடித்தலையும் பற்றி வாசகம் இருக்குமேயன்றிக் கமராவைப் பற்றி இராது. ஒரு தாளில் நான்கு வரி எழுதி இருவரும் கையொப்பமிட்டாலும் பின்னர் சொல்லுக்குச் சொல் முரணாது. அறைபார்க்கச் செல்லும் மாணவர் வாடகையையும் தண்ணீரையும் கேட்பதோடு, சுவரையும் கூரை விளிம்பையும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பாராக; கமரா உளதேல் அது காட்டும் படத்தைத் தொலைபேசியிற் காட்டும்படி கேட்பாராக. கேட்பது மரியாதைக் குறைவாகாது. காட்டத் தயங்குபவர் வீட்டை எடாமல் விடுதல் நன்று.

நம் வளவில் நடந்ததைச் சொல்லி முடிப்போம். மறுநாள் பூட்டிய இளைஞனை அழைத்துக் கிணற்றடிக் கமராவைக் கழற்றச் சொன்னோம். "நல்லா வேலை செய்யுது ஐயா, ஏன் கழட்டிறியள்?" என்றான். நன்றாக வேலை செய்வதனாலே கழற்றுகின்றோம் என்று சொல்ல அவன் சிரித்தான். விறாந்தைக் கமராவில் மாணவியர் வாயில் ஓரத்தில் விழுந்தது. அப்பகுதியைப் படத்தில் கறுப்பாக மறைக்கும் வசதி அக்கருவியிலேயே இருப்பதை அவன் காட்டினான். பூட்டிய அன்றே இருந்த வசதிதான். ஒலியை நிறுத்தினோம். கடவுச்சொல்லை மாற்றினோம், மகனுக்குப் புதியதைக் கொடுக்கவில்லை. அவன் இரண்டு கிழமை கோபமாயிருந்தான். மாணவியரை அழைத்து மிஞ்சிய இரண்டும் காட்டும் படத்தைக் காட்டினோம்; முன்னர் நடந்தது பிழை என்றுஞ் சொன்னோம். பெண்பிள்ளைகள் முன் அதனைச் சொல்லுதல் நாற்பதாண்டு நீதிமன்றிற் பேசியவனுக்கும் எளிதாயிருக்கவில்லை. அவர்கள் "பரவாயில்லை ஐயா" என்றனர். கொடியில் உடுப்பு மீண்டும் வர ஒரு மாதம் சென்றது. நால்வரும் கட்டில் இருந்து பேசும் பழக்கம், நாம் அறிந்தவரை, திரும்பவில்லை. அறிதற்கு இப்பொழுது நம்மிடம் வழியும் இல்லை.

புதிய மோட்டருக்கு இரும்புக் கூடு அடித்துப் பூட்டுப் போட்டோம்; கமராவின் விலையிற் கால்பங்கு. அது இன்னும் இருக்கின்றது. துவிச்சக்கர வண்டி அகப்படவில்லை. அம்மாணவியர் பட்டம் பெற்றுச் சென்றபின் வந்தவர்கள் வாடகையைக் கேட்குமுன் படலைக் கமராவைச் சுட்டி, "இது எதுவரைக்கும் பாக்கும் ஐயா?" என்றனர். தொலைபேசியை எடுத்துக் காட்டினோம்.